ஐபிஎஸ் சென்சார் அலர்ட் தருகிறது, ரூட்டரில் பிளாக் மட்டும் விழவில்லை. எங்கே பார்ப்பது?

ஸ்பான்போர்ட் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. சிஸ்கோ ஐபிஎஸ் 4240 சென்சார் (வலையமைப்பில் தாக்குதலைக் கண்டறியும் கருவி), மென்பொருள் 7.0. ப்ராமிஸ்குவஸ் முறையில் ஸ்பான் போர்ட்டில் மாட்டியிருக்கிறது. டிராஃபிக்கின் நகல்தான் அதற்குப் போகிறது, அதன் வழியாக எதுவும் ஓடவில்லை. அதனால் தாக்கும் ஐபியை எல்லை ரூட்டரில் ஏசிஎல் (எதை விடுவது, எதைத் தடுப்பது என்ற விதிப்பட்டியல்) போட்டுத் தடுக்கச் சொல்லி பிளாக்கிங் அமைத்திருக்கிறேன்.

சென்சாரின் மேலாண்மை ஐபி 192.0.2.10. ரூட்டர் 192.0.2.1, ஐஓஎஸ் 12.4. வெளிப்பக்க இன்டர்ஃபேஸ் கிகாபிட்ஈதர்நெட்0/0. அதில் உள்வரும் திசையில் 101 என்ற எக்ஸ்டெண்டட் ஏசிஎல் முன்பிருந்தே இருக்கிறது.

சிக்கல்கள் மூன்று.

முதலில் டெல்நெட் வைத்திருந்தேன், ரூட்டர் 'ஆக்டிவ்' என்று காட்டியது. பாதுகாப்பு கருதி எஸ்எஸ்ஹெச்-3டெஸ் என்று மாற்றினேன். அன்றிலிருந்து 'ஷோ ஸ்டாட்டிஸ்டிக்ஸ் நெட்வொர்க்-ஆக்சஸ்' கொடுத்தால் அந்த ரூட்டருக்கு நேரே 'ஸ்டேட் = இன்ஆக்டிவ்'.

டெல்நெட்டில் இணைப்பு இருந்த நேரத்தில் இன்டர்ஃபேஸிலிருந்து 101 காணாமல் போயிருந்தது. அதில் தடுத்து வைத்திருந்த போர்ட்டுகள் எல்லாம் திறந்து கிடந்தன. பிளாக்கிங்கை நிறுத்திவிட்டுக் கையால் திரும்பப் போட்டேன்.

மூன்றாவது, சோதனைக்காக சிக்னேச்சர் 2004ஐ (பிங் வந்தால் அடையாளம் காணும் விதி) எனேபிள் செய்து, 'ப்ரொட்யூஸ் அலர்ட்'டும் 'ரிக்வெஸ்ட் பிளாக் ஹோஸ்ட்'டும் கொடுத்திருக்கிறேன். 192.0.2.50 என்ற கணினியிலிருந்து பிங் அடித்தால் அலர்ட் வருகிறது. பிளாக் வரவில்லை. டெல்நெட் இருந்தபோதும் இதே கதைதான்.

மற்றவை: பிளாக் எனேபிள் ட்ரூ. அலோ சென்சார் பிளாக் ஃபால்ஸ். அதிகபட்ச பிளாக் 250. நெவர்-பிளாக் (தடுக்கவே கூடாதவை) பட்டியலில் 192.0.2.0/24. சென்சாரை இரண்டு முறை ரீபூட் செய்தும் பலன் இல்லை. மென்பொருளில் பிழை இருக்குமோ?

ஏசிஎல்_வாசகர்

பிழை இல்லை. மூன்றும் வெவ்வேறு காரணங்கள். ரீபூட்டை விட்டுவிடுங்கள், ஒன்றும் தெரியவராது.

பிளாக் ஒன்று விழ மூன்று கைகள் மாற வேண்டும். சிக்னேச்சர் பிளாக் வேண்டும் என்று கேட்க வேண்டும். சென்சாருக்குள் இருக்கும் ஏஆர்சி, அதாவது அட்டாக் ரெஸ்பான்ஸ் கன்ட்ரோலர், அதை ஏற்க வேண்டும். பிறகு ஏஆர்சி ரூட்டருக்குள் லாகின் செய்து எழுத வேண்டும். எந்தக் கையில் நின்றது என்று தெரியாமல் அமைப்பை மாற்றிக்கொண்டே போனால், சரியாக இருந்ததும் கெட்டுப்போகும்.

உங்கள் மூன்றாவது சிக்கலுக்கு விடை உங்கள் பதிவிலேயே இருக்கிறது. பிங் அடித்த கணினி 192.0.2.50. நெவர்-பிளாக்கில் 192.0.2.0/24. அந்த வலையமைப்பிலிருந்து என்ன அடித்தாலும் அலர்ட் வரும், பிளாக் வராது. நீங்கள் சொன்னபடிதான் ஏஆர்சி நடக்கிறது. நெவர்-பிளாக்கை எடுத்துவிடாதீர்கள், அது இருக்க வேண்டியதுதான். சோதனை முறையை மாற்றுங்கள்.

சிக்னேச்சரையே சோதனையிலிருந்து விலக்கி, எங்கும் புழங்காத ஒரு முகவரிக்குக் கையால் பிளாக் போடுங்கள். எடுத்துக்காட்டுகளுக்கென்று ஒதுக்கப்பட்ட 203.0.113.0/24 தொகுதியில் ஏதாவது ஒன்று, 203.0.113.77 என்று வையுங்கள். சென்சாரில் கன்ஃபிகர் டெர்மினல் போய், 'சர்வீஸ் நெட்வொர்க்-ஆக்சஸ்', அதற்குள் 'ஜெனரல்', அதற்குள் 'பிளாக்-ஹோஸ்ட்ஸ் 203.0.113.77'. வெளியே வரும்போது 'அப்ளை சேஞ்சஸ்?' என்று கேட்கும், யெஸ். இப்போது ரூட்டரில் போய் அந்த முகவரிக்கு டினை வரி இருக்கிறதா என்று பாருங்கள். வரி வந்தால் இரண்டாவது கையும் மூன்றாவது கையும் சரி, கோளாறு சிக்னேச்சர் பக்கம். வராவிட்டால் சிக்னேச்சரைத் தொடவே வேண்டாம்.

பார்த்து முடித்ததும் அதே இடத்தில் 'நோ பிளாக்-ஹோஸ்ட்ஸ் 203.0.113.77'. மறக்காதீர்கள். சிக்னேச்சர் போடும் பிளாக் இயல்பாக 30 நிமிடத்தில் தானே விலகும். இப்படி அமைப்பில் எழுதியது நீங்கள் எடுக்கும்வரை நிற்கும்.

இப்போதைக்கு உங்கள் ரூட்டர் இன்ஆக்டிவ், ஆக இந்தச் சோதனையும் தோற்கும். முதல் சிக்கலை முடித்துவிட்டு வாருங்கள். அதற்கு முன் 'ஷோ வெர்ஷன்' பார்த்து மெயின்ஆப் 'ரன்னிங்' என்று இருப்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஏஆர்சி தனி நிரல் இல்லை, மெயின்ஆப்புக்குள்தான் ஓடுகிறது. அது நின்றிருந்தால் மேலே சொன்ன எதற்கும் அர்த்தமில்லை.

விசைக்கொத்து

முதல் சிக்கலுக்கு வருகிறேன். டெல்நெட்டில் ஓடியது எஸ்எஸ்ஹெச்சில் ஓடவில்லை என்றால், ஐபி முகவரியையும் நடுவில் உள்ள வழியையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. மிச்சம் இவ்வளவுதான்.

ஹோஸ்ட் கீ, அதாவது ரூட்டரை அடையாளம் காட்டும் விசை. சென்சார், தனக்குத் தெரியாத எஸ்எஸ்ஹெச் சர்வருடன் தானாகப் பேசாது. நீங்கள் டெர்மினலில் உட்கார்ந்திருந்தால் 'யெஸ்' என்று அடிப்பீர்கள், ஏஆர்சிக்கு அடிக்க ஆள் இல்லை. எனவே கன்ஃபிகர் முறையில் 'எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட்-கீ 192.0.2.1' கொடுங்கள். சென்சார் ரூட்டரிடம் போய் விசையை வாங்கி, எம்டி5 கைரேகையையும் அதன் கீழே பபிள் பேபிள் என்ற எழுத்துக் கோவையையும் காட்டி, சேர்க்கவா என்று கேட்கும். கைரேகையை ஒப்பிட்டுப் பார்த்தே யெஸ் சொல்லுங்கள். முன்பே சேர்த்திருந்து, நடுவில் யாராவது ரூட்டரில் 'கிரிப்டோ கீ ஜெனரேட் ஆர்எஸ்ஏ' மறுபடி ஓட்டியிருந்தால் சென்சாரிடம் இருப்பது செத்த விசை. 'நோ எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட்-கீ 192.0.2.1' போட்டுவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டும்.

யூசர்நேம். இதில்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்வார்கள். ரூட்டரின் விடிஒய் லைனில் (தொலைவிலிருந்து லாகின் செய்யும் வழி) வெறும் 'லாகின்'னும் ஒரு லைன் பாஸ்வேர்டும் மட்டும் இருந்தால் டெல்நெட்டுக்கு யூசர்நேம் தேவையே இல்லை. சென்சாரின் யூசர் ப்ரொஃபைலிலும் அந்த இடம் காலியாக இருந்திருக்கும், எல்லாம் ஓடியிருக்கும். எஸ்எஸ்ஹெச் யூசர்நேம் இல்லாமல் நகராது. ரூட்டரில் ஒரு யூசரை உருவாக்கி, விடிஒய் லைனில் 'லாகின் லோக்கல்' போட்டு, அதே பெயரையும் பாஸ்வேர்டையும் ப்ரொஃபைலில் கொடுங்கள். எனேபிள் பாஸ்வேர்டு தனி, அதற்கென்று ப்ரொஃபைலில் வேறு இடம் இருக்கிறது. அதைத் தவறாகக் கொடுத்தால் ஏஆர்சி உள்ளே போகும், ஆனால் வாசலிலேயே நிற்கும். ஏசிஎல் எழுத எனேபிள் நிலை வேண்டும்.

விடிஒய் லைன். 'ட்ரான்ஸ்போர்ட் இன்புட்' வரியில் எஸ்எஸ்ஹெச் இருக்க வேண்டும். ஆக்சஸ்-கிளாஸ் (யார் லாகின் செய்யலாம் என்ற ஏசிஎல்) இருந்தால் அதில் 192.0.2.10க்கு பெர்மிட் வேண்டும். இன்னொன்று, ஏஆர்சி வேலை முடிந்ததும் வெளியே வந்துவிடுவதில்லை. இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும். 'லைன் விடிஒய் 0 4' மட்டும் இருந்தால் மொத்தம் ஐந்து இருக்கைகள்தான், அதில் ஒன்று நிரந்தரமாக சென்சாருக்கு. 'ஷோ யூசர்ஸ்' பாருங்கள், 192.0.2.10 அங்கே உட்கார்ந்திருந்தால் நல்ல செய்தி.

கடைசியாக 'ஷோ ஐபி எஸ்எஸ்ஹெச்'. வெர்ஷன் 1.99 என்று காட்டினால் ரூட்டர் இரண்டு பதிப்பும் பேசும். 2.0 என்றால் 'ஐபி எஸ்எஸ்ஹெச் வெர்ஷன் 2' என்று பூட்டியிருக்கிறார்கள், சென்சாரும் அதையே பேச வேண்டும். 1.5 காட்டினால் ஆர்எஸ்ஏ விசையின் நீளத்தைப் பாருங்கள். பதிப்பு 2க்கு குறைந்தது 768 பிட் வேண்டும். விசை உருவாக்கும்போது அளவைக் கேட்ட இடத்தில் என்டர் தட்டிவிட்டால் அந்தக் கால ஐஓஎஸ் 512தான் போடும்.

இதையெல்லாம் ஊகிக்காமல் பார்க்க ஒரு வழி: சென்சாரில் சர்வீஸ் அக்கவுண்ட் இருந்தால் அதில் நுழைந்து, ப்ரொஃபைலில் உள்ள அதே பெயர், அதே பாஸ்வேர்டுடன் கையால் ரூட்டருக்கு எஸ்எஸ்ஹெச் போடுங்கள். எனேபிள் வரை போங்கள். உங்கள் மடிக்கணினியிலிருந்து போட்டுப் பார்ப்பது கணக்கில் சேராது. ஆக்சஸ்-கிளாஸ் உங்களை விடும், சென்சாரை விடாமல் இருக்கலாம்.

ஸ்பான்போர்ட்

ஹோஸ்ட் கீ, யூசர்நேம் இரண்டுமே காரணம். 'ஷோ எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட்-கீஸ்' பட்டியல் காலி. விசையைச் சேர்த்த பிறகும் இன்ஆக்டிவ். விடிஒய்யில் வெறும் லாகின்தான் இருந்தது, ப்ரொஃபைலில் யூசர்நேம் இல்லை. இரண்டையும் சரிசெய்ததும் 'ஸ்டேட் = ஆக்டிவ்', மேலே 'ஏசிஎல்சப்போர்ட் = யூசஸ் நேம்டு ஏசிஎல்ஸ்', 'வெர்ஷன் = 12.4' என்று வருகிறது.

ஆனால் ஆக்டிவ் ஆன உடனே 101 மறுபடி போய்விட்டது! ஒரு பிளாக்கும் போடவில்லை. 'ஷோ ஐபி இன்டர்ஃபேஸ்' பார்த்தால் உள்வரும் ஏசிஎல்லாக ஐடிஎஸ்_கிகாபிட்ஈதர்நெட்0/0_இன்_0 என்று ஏதோ இருக்கிறது. பயந்து பிளாக் எனேபிளை ஃபால்ஸ் செய்துவிட்டேன்.

பின்வரி

பயப்பட வேண்டாம், 101 அழியவில்லை. ரூட்டரின் அமைப்பில் 'ஷோ ஆக்சஸ்-லிஸ்ட்ஸ் 101' கொடுங்கள், அத்தனை வரியும் இருக்கும். போனது இன்டர்ஃபேஸில் இருந்த 'ஐபி ஆக்சஸ்-குரூப் 101 இன்' என்ற ஒரே வரி.

ஒரு இன்டர்ஃபேஸில் ஒரு திசைக்கு ஒரே ஐபி ஏசிஎல்தான் மாட்ட முடியும். அந்த இடத்தை ஏஆர்சியிடம் கொடுத்தால் இருந்ததைக் கழற்றிவிட்டுத் தன்னுடையதை மாட்டும். பிளாக் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் மாட்டும். அதனால்தான் ஐடிஎஸ் என்று தொடங்கும் ஏசிஎல் ரூட்டரில் அறவே இல்லை என்றால், ஏஆர்சி அங்கே கையே வைக்கவில்லை என்று முதல் பார்வையிலேயே சொல்லிவிடலாம்.

அந்த ஏசிஎல்லை அது கட்டும் வரிசை இது. முதல் வரி சென்சாரின் சொந்த ஐபிக்கு பெர்மிட். நாட் (முகவரி மாற்றம்) முகவரி கொடுத்திருந்தால் அந்த முகவரிக்கு. அடுத்து, ப்ரீ-பிளாக் ஏசிஎல் என்று நீங்கள் பெயர் கொடுத்திருந்தால் அதன் வரிகள். அடுத்து இப்போது நடப்பில் உள்ள பிளாக்குகள். கடைசியில் போஸ்ட்-பிளாக் ஏசிஎல்லின் வரிகள். அது கொடுக்கப்படாவிட்டால் 'பெர்மிட் ஐபி எனி எனி'.

உங்கள் போர்ட்டுகள் திறந்து கிடந்ததற்குக் காரணம் அந்தக் கடைசி வரிதான். நீங்கள் போஸ்ட்-பிளாக் கொடுக்கவில்லை, அது எல்லாவற்றையும் விட்டுவிட்டது.

செய்ய வேண்டியது: சென்சாரில் ரூட்டர் டிவைஸின் பிளாக்-இன்டர்ஃபேஸ் அமைப்பில், போஸ்ட்-ஏசிஎல் இடத்தில் 101 என்று கொடுங்கள். அவ்வளவுதான். எண்ணாகவும் இருக்கலாம், பெயராகவும் இருக்கலாம். எக்ஸ்டெண்டட் ஐபி ஏசிஎல்லாகவும், ரூட்டரில் ஏற்கெனவே எழுதப்பட்டதாகவும் இருக்க வேண்டும், அது மட்டும்தான் நிபந்தனை. 101இன் வரிகள் பிளாக்குகளுக்குக் கீழே போய் உட்காரும். போஸ்ட்-பிளாக் இருக்கும்போது 'பெர்மிட் ஐபி எனி எனி' சேராது. ஆகவே 101இன் கடைசியில் நீங்கள் எதிர்பார்க்கும் மறைமுக டினை (எந்த வரியிலும் பொருந்தாததைத் தடுப்பது) அப்படியே வேலை செய்யும்.

101ஐ ப்ரீ-பிளாக்கில் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். கூடாது. ஏசிஎல் மேலிருந்து கீழே படிக்கப்படுகிறது, முதலில் பொருந்திய வரியோடு நின்றுவிடும். 101இல் 'பெர்மிட் டிசிபி எனி ஹோஸ்ட் இன்னது ஈக்யூ 80' என்று ஒரு வரி இருந்தால், வெப் சர்வரைத் தாக்குகிறவரும் அந்த வரியிலேயே உள்ளே போய்விடுவார். கீழே அவர் பெயருக்கு டினை இருந்தும் பயனில்லை. 'பிளாக் விழுகிறது, ஸ்டாட்டிஸ்டிக்ஸில் தெரிகிறது, ரூட்டரிலும் தெரிகிறது, ஆனாலும் தாக்குதல் நிற்கவில்லை' என்று வரும் புகார்களில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ப்ரீ-பிளாக்கில் இருக்க வேண்டியவை, எந்த நிலையிலும் தடுக்கவே கூடாதவை மட்டும். பிஜிபி அண்டை ரூட்டர், விபிஎன் எதிர்முனை, இப்படி நாலைந்து வரி.

ஐடிஎஸ் என்று தொடங்கும் ஏசிஎல்லைக் கையால் திருத்தாதீர்கள். பெயரின் கடைசியில் உள்ள 0வையும் 1ஐயும் மாறி மாறிப் பயன்படுத்துகிறது. இன்_0 மாட்டியிருக்கும்போது மாற்றம் வந்தால் இன்_1ஐப் புதிதாகக் கட்டி, அதை மாட்டும். நீங்கள் சேர்த்த வரி அடுத்த பிளாக்கோடு மறைந்துவிடும். விதி மாற வேண்டுமானால் 101இல் மாற்றுங்கள், அதுவும் இந்த வரிசையில்: சென்சாரில் பிளாக் எனேபிளை ஃபால்ஸ் செய்யுங்கள், ரூட்டரில் 101ஐத் திருத்துங்கள், திரும்ப ட்ரூ செய்யுங்கள். அப்போதுதான் புதிய 101ஐப் படித்துக் கட்டும்.

250போதும்

பின்வரி சொன்னதோடு ஒன்று. அதிகபட்ச பிளாக் 250 என்பதை ஏற்றிக்கொள்ளலாமா என்று இந்த மாதிரி விவாதங்களில் யாராவது கேட்காமல் இருப்பதில்லை. அமைப்பு 65535 வரை ஏற்கும். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முழு ஏசிஎல்லும் சிஎல்ஐ (கட்டளை வரி) வழியாக மறுபடி எழுதப்படுகிறது. வரிகள் கூடக்கூட, பிளாக் கேட்ட நேரத்துக்கும் விழும் நேரத்துக்கும் இடைவெளி கூடும். 250 நிறைகிறது என்றால் சிக்னேச்சர் தேர்வில்தான் தவறு.

என்விராம் (ரூட்டரின் நிரந்தர நினைவகம்) ரைட்டையும் ஃபால்ஸிலேயே விடுங்கள், இயல்பும் அதுதான். ட்ரூ செய்தால் ஒவ்வொரு முறையும் என்விராமில் எழுதும், இன்னும் மெதுவாகும்.

ஏசிஎல்_வாசகர்

சிக்னேச்சர் தேர்வு பற்றி. 2004 சோதனைக்கு மட்டும், இன்று வேலை முடிந்ததும் அதன் பிளாக்கை எடுத்துவிடுங்கள். ஐசிஎம்பியிலும் யூடிபியிலும் மூல முகவரியை யாரும் பொய்யாக எழுதலாம். உங்கள் டிஎன்எஸ் சர்வரின் முகவரியை எழுதி நாலு பாக்கெட் அனுப்பினால் போதும். உங்கள் ரூட்டரே உங்கள் டிஎன்எஸ்ஸைத் தடுத்துவிடும், தாக்குகிறவருக்கு வேலை மிச்சம். டிசிபி கைகுலுக்கல் முடிந்த பிறகே அடிக்கும், தவறாக அடிக்காத சிக்னேச்சர்களுக்கு மட்டும் 'ரிக்வெஸ்ட் பிளாக் ஹோஸ்ட்' கொடுங்கள்.

நெவர்-பிளாக்கில் மேலாண்மை வலையமைப்பு மட்டும் போதாது. டிஎன்எஸ், மெயில் ரிலே, மேல்நிலை ரூட்டர், கண்காணிப்பு சர்வர், எல்லாவற்றுக்கும் மேலாக மூல முகவரியை மாற்றும் ப்ராக்ஸியும் லோட் பேலன்சரும். சென்சார் லோட் பேலன்சருக்குப் பின்னால் இருந்தால் அதற்குத் தாக்குபவராகத் தெரிவது லோட் பேலன்சரின் ஐபிதான்.

நெவர்-பிளாக் ரூட்டர் பிளாக்குகளுக்கு மட்டுமே பொருந்தும் என்பதையும் கவனியுங்கள். பின்னால் சென்சாரை இன்லைனுக்கு (டிராஃபிக் அதன் வழியாகவே ஓடும் முறை) மாற்றி 'டினை அட்டாக்கர் இன்லைன்' கொடுத்தால் இந்தப் பட்டியலை அது பார்க்காது. அங்கே ஈவென்ட் ஆக்‌ஷன் ஃபில்டர் போட வேண்டும்.

அந்த ஃபில்டர் இன்னொரு விதத்திலும் காலை வாரும். கையால் போட்ட பிளாக் விழுகிறது, சிக்னேச்சர் போட்டது விழவில்லை என்றால், 'ஷோ ஈவென்ட்ஸ் நாக்' பாருங்கள். கோரிக்கையே அங்கே வரவில்லை என்றால், சிக்னேச்சரில் ஆக்‌ஷன் சேராமல் இருக்கும், அல்லது ஏதோ ஒரு ஃபில்டர் அதைக் கழித்திருக்கும். நாக் என்பது ஏஆர்சியின் பழைய பெயர், நெட்வொர்க் ஆக்சஸ் கன்ட்ரோலர். பெயரை மாற்றினார்கள், கட்டளைகளை மாற்றவில்லை. வலையமைப்பு அனுமதிக்கு இருக்கும் வேறு நாக்கோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இரட்டைச்சென்சார்

இதோடு ஒட்டிய கேள்வி. இரண்டு சென்சார்கள், எல்லை ரூட்டர் ஒன்றுதான். இரண்டிலும் அதே ரூட்டரையும் அதே இன்டர்ஃபேஸையும் கொடுத்திருக்கிறேன். இரண்டிலும் ஆக்டிவ். ஆனால் பிளாக்குகள் வந்து வந்து மறைகின்றன, 30 நிமிடம் நிற்பதே இல்லை. டைமர் பிரச்சினையா?

பின்வரி

டைமர் இல்லை. ஒன்று கட்டிய ஏசிஎல்லை மற்றது கழற்றுகிறது. ஒவ்வொன்றும் தனக்குத் தெரிந்த பிளாக்குகளை மட்டும் எழுதும், அடுத்ததன் பட்டியல் அதற்குத் தெரியாது. ஒரே சாதனத்தை இரண்டு சென்சார்கள் ஆளக் கூடாது.

ஒன்றை மாஸ்டர் பிளாக்கிங் சென்சாராக வையுங்கள், ரூட்டர் அமைப்பு அதில் மட்டும் இருக்கட்டும். மற்றதிலிருந்து ரூட்டரை நீக்கிவிட்டு, மாஸ்டர் பிளாக்கிங் சென்சார் பகுதியில் மாஸ்டரின் ஐபி, யூசர்நேம், பாஸ்வேர்டு, போர்ட் 443, டிஎல்எஸ் ட்ரூ என்று கொடுங்கள். இது தன் பிளாக் கோரிக்கைகளை அங்கே அனுப்பும், எழுதுவது மாஸ்டர்.

இரண்டு இடத்தில் நிற்கும். கோரிக்கை அனுப்பும் சென்சாரில் 'டிஎல்எஸ் ட்ரஸ்டட்-ஹோஸ்ட் ஐபி-அட்ரஸ்' என்று மாஸ்டரின் முகவரியோடு கொடுத்து, அதன் சான்றிதழை ஏற்க வேண்டும். அது காட்டும் கைரேகையை மாஸ்டரில் 'ஷோ டிஎல்எஸ் ஃபிங்கர்பிரிண்ட்' கொடுத்து ஒப்பிடுங்கள். அடுத்து, மாஸ்டரின் நெட்வொர்க் செட்டிங்ஸில் உள்ள ஆக்சஸ்-லிஸ்டில் அனுப்பும் சென்சாரின் ஐபி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 443இல் கதவு திறக்காது. பிற்பாடு மாஸ்டரில் 'டிஎல்எஸ் ஜெனரேட்-கீ' யாராவது ஓட்டினால் இந்த நம்பிக்கை உடையும், முதல் வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

விசைக்கொத்து

ரூட்டருக்குப் பதில் ஏஎஸ்ஏ ஃபயர்வாலைக் கொடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அங்கே இன்டர்ஃபேஸும் இல்லை, திசையும் இல்லை, ப்ரீ-போஸ்ட் ஏசிஎல்லும் இல்லை. ஏஆர்சி 'ஷன்' கட்டளையைப் பயன்படுத்தும், 'ஷோ ஷன்' கொடுத்தால் தெரியும். ஏசிஎல்லில் தேடி 'விழவில்லை' என்று முடிவு கட்டாதீர்கள். கனெக்‌ஷன் பிளாக் (ஒரு இணைப்பை மட்டும் தடுப்பது) கேட்டாலும் ஃபயர்வால் அந்த ஹோஸ்ட்டையே முழுதாகத் தடுக்கும். நெட்வொர்க் பிளாக் அங்கே கிடையாது.

ரூட்டரிலும்கூட, ஒரே மூல ஐபிக்கு வெவ்வேறு இலக்கு அல்லது போர்ட்டுக்கான கனெக்‌ஷன் பிளாக்குகள் சேர்ந்தால் அது ஹோஸ்ட் பிளாக்காக மாற்றிவிடும். 'கனெக்‌ஷன் மட்டும்தானே கேட்டேன், ஏன் ஆளையே தடுத்தது' என்பதற்கு இதுதான் விடை.

ஸ்பான்போர்ட்

போஸ்ட்-ஏசிஎல்லில் 101 கொடுத்து, பிளாக் எனேபிளை ட்ரூ செய்து, கையால் 203.0.113.77க்கு பிளாக் போட்டேன். ரூட்டரில் இப்போது மேலே உள்ள வரிகள்:

பெர்மிட் ஐபி ஹோஸ்ட் 192.0.2.10 எனி
டினை ஐபி ஹோஸ்ட் 203.0.113.77 எனி

அதற்குக் கீழே 101இன் வரிகள் வரிசை மாறாமல். ஏசிஎல் பெயரின் கடைசி 0 போய் 1 ஆகியிருக்கிறது. 'நோ' போட்டதும் டினை வரி போய், பெயர் மறுபடி 0. நெவர்-பிளாக்கில் இல்லாத முகவரியிலிருந்து 2004ஐ அடித்தும் பார்த்தேன், பிளாக் விழுந்து ஸ்டாட்டிஸ்டிக்ஸில் 'மினிட்ஸ்ரிமெய்னிங் = 29' என்று காட்டுகிறது.

கடைசியாக ஒன்று. சென்சாரைப் பழுதுக்காக இரண்டு நாள் கழற்ற வேண்டியிருக்கிறது. அப்படியே மின்சாரத்தை நிறுத்தலாமா?

250போதும்

வேண்டாம். 30 நிமிடக் கணக்கை வைத்திருப்பது சென்சார், ரூட்டர் இல்லை. பிளாக் நடப்பில் இருக்கும்போது சென்சார் போனால், அந்த டினை வரியை எடுக்க ஆள் இல்லை. இரண்டு நாளும் நிற்கும். அந்த நேரத்தில் ரூட்டரில் யாராவது 'ரைட் மெமரி' கொடுத்தால் ஸ்டார்ட்அப் அமைப்பிலும் ஏறிவிடும்.

முதலில் சென்சாரில் பிளாக் எனேபிளை ஃபால்ஸ் செய்யுங்கள். பிறகு ரூட்டரில் 'ஷோ ஐபி இன்டர்ஃபேஸ் கிகாபிட்ஈதர்நெட்0/0' பாருங்கள். உள்வரும் ஏசிஎல்லாக 101 இல்லை என்றால் இன்டர்ஃபேஸில் 'ஐபி ஆக்சஸ்-குரூப் 101 இன்' கொடுங்கள். அதன் பிறகு 'நோ ஐபி ஆக்சஸ்-லிஸ்ட் எக்ஸ்டெண்டட்' என்று போட்டு மிச்சம் கிடக்கும் ஐடிஎஸ் ஏசிஎல்களை அழியுங்கள். வரிசை முக்கியம். இன்டர்ஃபேஸில் மாட்டியிருக்கும் ஏசிஎல்லை முதலில் அழித்துவிட்டால், 101 திரும்ப ஏறும்வரை எல்லாம் திறந்திருக்கும். முடித்ததும் 'ரைட் மெமரி', பிறகு சென்சாரில் 'ரீசெட் பவர்டவுன்'.